உரைப்பெட்டியை எப்போது சோதிப்பது?

மேசைக்கணினி நிரல்களில் ஓர் உரைப்பெட்டியை வரைவது ஒரே வரியில் முடிகிற வேலை. அதில் பயனர் எழுதுவதை எந்தத் தருணத்தில், எவ்வளவு கண்டிப்பாகச் சோதிப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. விசையை அழுத்தும்போது, பெட்டியை விட்டு நகரும்போது, சேமிக்கச் சொல்லும்போது என்று மூன்று தருணங்கள் இருக்கின்றன. முதலாவதில் தளர்வாகவும் கடைசியில் கறாராகவும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பைத்தான் மொழியுடன் வரும், சாளரங்களையும் பெட்டிகளையும் உருவாக்க உதவும் டிகின்டர் நூலகத்தைக் கொண்டு இதை விளக்குகிறேன். க்யூட், ஜாவா ஸ்விங் போன்ற பிற நூலகங்களில் பெயர்கள் மாறினாலும் அணுகுமுறை ஏறக்குறைய இதுதான்.

ஒற்றை வரிக்கு என்ட்ரி, பல வரிகளுக்கு டெக்ஸ்ட் என இரண்டு பெட்டிகள் டிகின்டரில் உள்ளன. என்ட்ரியை உருவாக்கும் வரியிலேயே, அதைச் சாளரத்தில் பொருத்தும் பேக் என்பதையும் சேர்த்து எழுதி, விளைவை ஒரு மாறியில் வைத்தால், அந்த மாறியில் பெட்டிக்குப் பதிலாக நன் என்ற வெற்று மதிப்பே இருக்கும். ஆகவே உருவாக்குவதையும் சாளரத்தில் பொருத்துவதையும் தனித்தனி வரிகளாக எழுதுங்கள். கெட் என்ற செயற்கூறு (ஃபங்ஷன்) அழைக்கப்படும் கணத்தில் பெட்டியில் என்ன இருக்கிறதோ அதையே தரும் என்பதால், பொத்தானை அழுத்தும்போது இயங்கும் செயற்கூற்றுக்குள் அதை அழைக்க வேண்டும். பயனர் எண்ணை எழுதினாலும் கிடைப்பது எழுத்துத் தொடரான சரம்தான், எண் அல்ல. டெக்ஸ்ட் பெட்டியில் வரிகள் 1 முதலும், வரிக்குள் இடங்கள் 0 முதலும் எண்ணப்படுகின்றன. அதன் இறுதியில் டிகின்டர் தானாகவே ஒரு புதுவரிக் குறியைச் சேர்த்து வைத்திருப்பதால், படிக்கும்போது கடைசி எழுத்துக்கு முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இனி முதல் தருணம். 18 முதல் 60 வரையுள்ள வயதை மட்டும் ஏற்கும் பெட்டி ஒன்று தேவை என்று கொள்வோம். வேலிடேட் அமைப்பில் 'கீ' என்று கொடுத்து, வேலிடேட்கமாண்டில் நம் செயற்கூற்றைப் பதிவுசெய்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு டிகின்டர் அதனிடம் அனுமதி கேட்கும். சதவீதக் குறியை அடுத்துப் பெரிய எழுத்துப் 'பி'யைச் சேர்த்து அனுப்பினால், மாற்றம் நடந்த பின் பெட்டியில் இருக்கப்போகும் முழு உரையும் நம் கைக்கு வரும். ஆகையால் ஒட்டப்பட்ட உரையும் இந்தச் சோதனைக்குள் அடங்கிவிடும். விசை நிகழ்வுகளை மட்டும் கவனிக்கும் நிரலிலோ சுட்டியால் ஒட்டியது தப்பிவிடும்.

ஆனால் இந்த இடத்திலேயே 18க்கும் 60க்கும் இடைப்பட்டதா என்று பார்த்தால் பெட்டி பயனற்றுப் போகும். 45 என்று எழுத விரும்புகிறவர் முதலில் 4ஐ அழுத்துகிறார். 4 என்பது 18ஐவிடச் சிறியது, எனவே மறுக்கப்படுகிறது. ஏற்கெனவே 45 இருக்கும் பெட்டியில் கடைசி இலக்கத்தை அழிக்கவும் முடியாது. வெற்றுச் சரத்தை எண்ணாக மாற்ற முயலும்போது பிழை எழும். அனுமதி கேட்கப்பட்ட செயற்கூறு ஆம், இல்லை என்று விடை தராமல் போனால், டிகின்டர் அந்தப் பெட்டியின் சோதனையையே நிறுத்திவிடும். விடையைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் வரியை எழுத மறந்தாலும் இதே கதிதான், பயனருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. ஆகவே விசைத் தருணத்தில், பெட்டி காலியாக இருக்கிறதா, அல்லது இரண்டு இலக்கங்களுக்கு மிகாத எண் இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். இலக்கச் சோதனைக்கு இஸ்டிஜிட்டைவிட இஸ்டெசிமல் நல்லது, ஏனெனில் முன்னது வர்க்கக் குறியான சிறிய ²ஐயும் ஏற்றுக்கொள்ளும், எண்ணாக மாற்றும்போது அது பிழையாகிவிடும்.

க்யூட்டில் இந்தப் பிரச்சினைக்கு விடை கட்டமைப்பிலேயே இருக்கிறது. அதன் சரிபார்ப்பிகள் 'ஏற்கத்தக்கது', 'செல்லாதது' என்ற இரண்டோடு நிற்காமல், 'இடைநிலை' என்ற மூன்றாவது விடையையும் தருகின்றன. மேலே சொன்ன 4 அதற்கு இடைநிலைதான்.

பெட்டியை விட்டு நகரும்போது வரம்பைச் சோதித்து, பிழை இருந்தால் பெட்டியின் கீழே ஒரு வரியில் காட்டினால் போதும். அந்த நேரத்தில் செய்திச் சாளரம் திறப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது ஃபோகஸை, அதாவது விசைப்பலகை உள்ளீட்டைப் பெறும் நிலையை, பறித்துக்கொள்வதால் மீண்டும் சோதனை தூண்டப்பட்டு, சாளரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடும். பிழையைத் திருத்தும்வரை பெட்டியை விட்டு வெளியேற விடாமல் தடுப்பதும் தொல்லைதான், ரத்து செய்யும் பொத்தானைக்கூட அழுத்த முடியாமல் போகலாம். கறாரான முழுச் சோதனையைச் சேமிக்கும்போது செய்யுங்கள்.

தமிழ் உரையை ஏற்கும் பெட்டிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. பெயர் எழுதும் பெட்டியில் எழுத்துகள் மட்டும் வரட்டும் என்று இஸ்ஆல்ஃபாவைப் பயன்படுத்தினால், புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் அது எழுத்தாகக் கருதாததால், 'தமிழ்' என்ற சொல்லே மறுக்கப்படும். அதே சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, பைத்தானின் கணக்கில் ஐந்து. நீள வரம்பு வைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒப்பிடும்போது வேறுபடும். எனவே சேமிப்பதற்கு முன் யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸைக் கொண்டு, இத்தகைய குறியீடுகளை ஒன்றாக இணைக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிடுங்கள். தேடும் சொல்லையும் அப்படியே மாற்ற வேண்டும்.

எழுத எழுதத் தேடும் பெட்டி என்றால், ஒவ்வொரு விசைக்கும் தேடலை நடத்தாமல், ஆஃப்டர் மூலம் 300 மில்லிநொடி தள்ளிவைத்து, அதற்குள் அடுத்த விசை வந்தால் ஆஃப்டர்கேன்சல் மூலம் பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். நிரலே பெட்டியில் உரையை மாற்றும்போதும் மாற்ற நிகழ்வு எழும் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். க்யூட்டில் டெக்ஸ்ட்எடிட்டட் என்ற சமிக்ஞை பயனர் மாற்றினால் மட்டுமே எழுகிறது. பெட்டியின் உரையோடு இணைக்கப்படும் டிகின்டரின் ஸ்ட்ரிங்வார் மாறியைக் கண்காணிப்பவர்கள், நிரலே உரையை மாற்றும்போது தேடலைத் தவிர்க்க, ஆம், இல்லை என்று குறித்துவைக்கும் ஒரு கொடி மாறியைத் தாங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.