வெயில் விழாத வீட்டுக்கு ஆந்தூரியம்: தொடக்கக்காரர்களுக்கான செய்முறை

வீட்டைச் சுற்றித் தென்னையும் பலாவும் நெருங்கி நிற்பதால் ரோஜா பூக்கவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் குலசேகரம், திருவட்டாறு பக்கம் நிறைய. அந்த நிழலுக்கு ஏற்ற செடி ஆந்தூரியம். கொலம்பியா, ஈக்வடார் மழைக்காடுகளில் இருந்து வந்தது. இரண்டு பருவமழையும் ஈரக்காற்றும் கிடைக்கிற நம் குமரி மாவட்டம் அதற்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. நாம் பூ என்று ரசிக்கும் சிவப்பு வெறும் மடல்தான். நடுக்கதிரில் பொடிப்பொடியாக இருப்பவையே பூக்கள்.

1. இடம்

நேர்வெயில் படாத, ஆனால் வெளிச்சம் உள்ள இடம் வேண்டும். மரநிழல் இல்லாதவர்கள் 75% நிழல்வலை கட்டலாம். இலை வெளிறிக் கருகினால் வெயில் அதிகம். காம்பு நீண்டுகொண்டே போய்ப் பூ வராவிட்டால் இருட்டு அதிகம். ஆரல்வாய்மொழி, தோவாளைக்காரர்களுக்கு வெயிலோடு காற்றும் எதிரி. சுவர் மறைவில் வையுங்கள்.

2. கலவை

பாதி வெற்றி இங்கேதான். தோட்டத்து மண்ணை அள்ளிச் சட்டியில் நிரப்பாதீர்கள். மரத்தில் தொற்றியும் வளரக்கூடிய இனம் இது. வேருக்குக் காற்று வேண்டும். களிமண்ணில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

நம்மூரில் தேங்காய்க் கதம்பைக்கு (உரித்த மட்டைக்கு) பஞ்சமில்லை. அதை ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி ஒரு வாரம் ஊறவையுங்கள். தினமும் நீரை மாற்றுங்கள். பச்சைக் கதம்பையில் உப்பும் துவர்ப்புச் சாறும் இருக்கும், அப்படியே போட்டால் வேர் கருகும். தண்ணீரில் சாயம் இறங்குவது நன்றாகக் குறைந்தபின், கதம்பை இரண்டு பங்கு, அடுப்புக்கரி ஒரு பங்கு, உடைத்த செங்கல் ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். சாம்பல் வேண்டாம், கரித்துண்டு மட்டும்.

3. நடுதல்

நாற்றுப்பண்ணையில் பூவைப் பார்த்து மயங்காமல், இலையில் புள்ளி இல்லாத கன்றாகத் தேர்ந்தெடுங்கள். 6 முதல் 8 அங்குல மண்சட்டி போதும். அடியில் ஓட்டாஞ்சில்லு போட்டு, வேரை விரித்து நடுங்கள். குருத்து கலவைக்குள் புதையக் கூடாது.

4. தண்ணீர்

கோடையில் தினமும், மற்ற நாட்களில் கலவையின் மேற்பகுதி காய்ந்ததும் ஊற்றலாம். மழைக்காலத்தில் பெரும்பாலும் தேவைப்படாது. கடற்கரை ஊர்களில் கிணற்றுநீர் உப்பாக இருந்தால் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்; உப்பு ஏறினால் இலை ஓரம் காயும்.

5. உரம்

கதம்பையில் சத்து குறைவு. தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து, 15 நாளுக்கு ஒருமுறை கொடுத்தால் சரி. அதிகம் கொடுத்தால் இலை மட்டும்தான் கொழுக்கும்.

6. நோயும் பூச்சியும்

மாவுப்பூச்சியைத் துணியால் துடையுங்கள். நத்தையை இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குங்கள். வேறு குறுக்குவழி எனக்குப் பிடிபடவில்லை. அஞ்ச வேண்டியது பாக்டீரியா கருகல் நோய். இலை ஓரத்தில் மஞ்சள் வளையத்தோடு பழுப்புத் திட்டு பரவினால் அந்தச் சட்டியை உடனே தள்ளி வையுங்கள். இலை மேல் தெறிக்கும் நீரும் வெட்டிய கத்தியும் நோயைப் பரப்பும். கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்காமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள்.

குழந்தைகளும் நாயும் இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் வாயையும் தொண்டையையும் எரிய வைக்கும்.

7. பூவும் புதுக் கன்றும்

ஒவ்வொரு புது இலைக்கும் ஒரு பூ என்பது கணக்கு. ஆகவே நல்ல இலையை வெட்டாதீர்கள். கதிர் முக்கால்வாசி நிறம் மாறியபின் பறித்தால் ஜாடியில் இரண்டு வாரம்கூட நிற்கும்.

நாளாக ஆக அடியிலைகள் உதிர்ந்து தண்டு நீண்டு சாயும். அப்புறம் இரண்டு மூன்று வேர்கள் ஒட்டியிருக்கும்படி தலைப்பகுதியை வெட்டிப் புதுச்சட்டியில் நடுங்கள். மிஞ்சிய அடித்தண்டைத் தூக்கி எறிய வேண்டாம். ஈரம் காய விடாமல் வைத்தால் அதிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும்.