பழைய கிட்டார் ஒன்லைன்ல விக்கிறீங்களா? விலை போடேக்க இந்தப் பிழைகள விடாதீங்கோ

போன மாசம் இங்க திருகோணமலையில பாலையூத்தில இருந்து ஒரு தம்பி வந்தவன், கையில சித்தப்பான்ர பழைய யமஹா எஃப்ஜி, கரண்ட் இல்லாம வாசிக்கிற மரக் கிட்டார். "அண்ணா, இத 4 லட்சத்துக்குப் போட்டு 5 மாசமாச்சு, ஒருத்தரும் கேக்கேல்ல, விளம்பரத்தில ஏதும் பிழையோ எண்டு பாருங்கோ" எண்டான். போன எடுத்துக் காட்டினான், அமெரிக்காவில ஆரோ ஒருத்தர் ஒரு எஃப்ஜிக்கு 1,400 டொலர் கேட்டிருக்கிறார். அத 300 ஆல பெருக்கி, கொஞ்சம் குறைச்சு, 4 லட்சம். எனக்கு நெஞ்சு பக்கெண்டுச்சு. 2015 ல நானும் அச்சொட்டா இதத்தான் செய்தனான், அதுக்குப் பிறகு இந்த ஊரில எத்தின பெடியள் இதே குழியில விழுந்தத பாத்திட்டன், அதான் எழுதுறன்.

கம்பி புதுசா மாத்துங்கோ, வெளிச்சத்தில போட்டோ எடுங்கோ எண்டதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அத விடுவம்.

கேக்கிற விலைய சந்தை விலை எண்டு நம்புறது

ஒன்லைன்ல தேடினா வரிசையா வாற கிட்டாரெல்லாம் என்ன? இன்னும் விக்காத கிட்டார். சரியான விலைக்குப் போட்டது ஒரு கிழமையில வித்துப்போயிடும், பிறகு உங்கட கண்ணில படாது. கூடப் போட்டதுதான் மாசக்கணக்கா, வருசக்கணக்கா அங்கயே கிடக்கும், நீங்கள் தேடுற நேரம் முன்னுக்கு வந்து நிக்கிறதும் அதுதான். அதப் பாத்து நீங்களும் போடுறீங்கள், உங்கட விளம்பரத்தப் பாத்து இன்னொருத்தன் போடுறான், கடைசியில 10 பேர் ஒரே விலை போட்டிருக்கினம், ஒருத்தரும் விக்கேல்ல. மீன் சந்தையில விடிய 6 மணிக்கு பாரை என்ன விலைக்குப் போச்சுதோ அதுதான் பாரை விலை. மத்தியானம் ஈ மொய்க்கக் கிடக்கிற மீனுக்கு ஆள் என்ன விலை சொன்னாலும் அது விலையில்ல.

நான் அப்ப உப்புவெளியில ஒரு ஹோட்டல்ல வாசிச்சுக்கொண்டிருந்தனான். என்னட்ட இருந்தது எஃப்ஜி 180, ஜப்பான்ல செய்தது, உள்ளுக்குச் சிவப்பு லேபிள் ஒட்டினது, குரல் எண்டா அப்பிடியொரு குரல். கொழும்பில இருந்து வந்த ஒருத்தர் அத அரை மணித்தியாலம் வாசிச்சுப் பாத்திட்டு 60,000 ரூபாய கையில வச்சுக்கொண்டு நிண்டவர். நான் என்ன செய்தன்? ஒன்லைன்ல 900 டொலர் கிடக்கு, டொலர் 135 ரூபா மட்டில, அப்ப 1,20,000 க்கு ஒரு சதம் குறையாது எண்டு சொல்லி அனுப்பிட்டன். மனுசன் பிறகும் ஒருக்கா கோல் எடுத்துக் கேட்டவர், அப்பவும் மாட்டன் எண்டிட்டன்.

ரெண்டு மாரி போச்சு. திருமலையில மாரி எண்டா தெரியும்தானே, வாடைக்காத்தும் மழையும் கடல் ஈரமும், அது முடிய தகரக் கூரைக்குக் கீழ வெக்கை. ஒருநாள் பெட்டியத் திறக்கிறன், பிரிட்ஜின்ர, அதான் முன் பலகையில கம்பியள் மாட்டுற கட்டையின்ர, பின்பக்கம் பசை விட்டுக் கிளம்பி நிக்குது, அந்த இடைவெளிக்குள்ள ஒரு விசிட்டிங் கார்ட் தாராளமாப் போகும். முன் பலகை வயிறு வச்ச மாதிரி ஊதியிருக்கு. 12 ஆவது ஃப்ரெட்டில (கழுத்தில குறுக்கால இருக்கிற உலோகக் கட்டை) தடிச்ச கம்பி 5 மில்லிமீட்டர் உயரத்தில நிக்குது, 2.5 க்குக் கிட்ட இருக்கவேண்டியது. கடைசியில 22,000 க்குக் குடுத்தன். குடுத்த அண்டு இரவு திரும்பத் தேடிப் பாத்தன், நான் நம்பின அந்த 900 டொலர் கிட்டார் அதே போட்டோவோட, அதே விலையோட அங்கயே கிடக்கு! இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

அதால, வித்த விலையப் பாருங்கோ. ஈபேயில வித்து முடிஞ்சத மட்டும் காட்டுறதுக்கு ஒரு தெரிவு இருக்கு, அத அமத்துங்கோ. அதிலயும் விலைக்கு மேல கோடு கீறியிருந்தா பேரம் பேசித்தான் போயிருக்கு, உண்மையாக் குடுத்த காசு அதவிடக் குறைய. ரிவெர்ப் எண்டு இசைக்கருவியள் விக்கிற தளத்தில உண்மையா நடந்த வியாபாரங்கள வச்சு விலை வழிகாட்டி ஒண்டு வச்சிருக்காங்கள், அதயும் பாருங்கோ. அதே மொடல், அதே லேபிள், அதே நிலமையில உள்ளது ஒரு 5, 6 பாத்தாத்தான் நடு விலை பிடிபடும், ஒண்ட மட்டும் பாத்திட்டு துள்ளாதீங்கோ.

அந்த விலையும் அப்பிடியே இங்க வராது. அங்க கடைக்காரர் நெக் (கிட்டாரின்ர கழுத்து) சரிபாத்து, ஃப்ரெட் தேய்ச்சு, பெட்டியும் குடுத்து, பிடிக்காட்டி திருப்பி அனுப்பலாம் எண்டு சொல்லி விக்கிறார். இங்க வாங்கப்போறது ஆர்? நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்ல வாசிக்கிற பெடியள், சேர்ச் கொயர் ஆக்கள், கம்பஸ் பிள்ளையள், கொழும்பில சேகரிக்கிற கொஞ்சப்பேர். 2022 ல டொலர் 200 இல இருந்து 360 க்குப் பாஞ்சதோட இங்க எல்லாரும் பழைய கிட்டார் விலையையும் தூக்கிட்டாங்கள், வாங்கிறவன்ர சம்பளம் அப்பிடிப் பாஞ்சதா?

வயசுக்குக் காசு கேக்கிறது

பழசு எண்டா விலை எண்டு நினைக்கிறாங்கள். எலெக்ட்ரிக் கிட்டார் செய்யிற ஃபெண்டர் கம்பனிய 1965 ஜனவரியில சிபிஎஸ் எண்ட அமெரிக்க ஒளிபரப்புக் கம்பனி வாங்கினது, அதுக்கு முதல் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாருக்கும் 1970களில செய்ததுக்கும் விலையில மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், ரெண்டும் பழசுதானே? 1958 இல இருந்து 1960 வரைக்கும் வந்த கிப்சன் கம்பனின்ர சன்பர்ஸ்ட் லெஸ்போல் கிட்டார் ஆயிரத்துச் சொச்சம்தான் செய்தாங்கள், அந்தக் காலத்தில பெருசா ஓடவும் இல்ல, பிறகு பெரிய வாசிப்பாளர்மார் கையில எடுத்தாப் பிறகுதான் விலை ஏறினது. யமஹா எஃப்ஜி அப்பிடியில்ல, உலகம் முழுக்க வீட்டுக்கு வீடு வித்த சாமான். நல்ல கிட்டார், மறுக்கேல்ல, ஆனா கிடைக்காத கிட்டார் இல்ல.

"லோசூட்" (வழக்கு) எண்டு போடுறது

அமெரிக்கக் கிட்டாரப் பாத்துச் செய்த ஜப்பான் கொப்பி எதக் கண்டாலும் இந்தச் சொல்லப் போட்டு விலைய ரெண்டு மடங்காக்கிறாங்கள். நடந்தது ஒரு வழக்குத்தான். 1977 ல கிப்சன சொந்தமா வச்சிருந்த நோர்லின் கம்பனி, ஜப்பான்ர இபனெஸ் கிட்டார அமெரிக்காவில விநியோகிச்ச எல்ஜர் கம்பனி மேல போட்டது, ஹெட்ஸ்டொக் (கம்பி முறுக்கிற தலைப்பக்கம்) வடிவத்துக்காக. இபனெஸ் அதுக்கு முதலே வடிவத்த மாத்தத் தொடங்கிட்டுது, வழக்கும் சமரசத்தில முடிஞ்சுது. உங்கட பேர் தெரியாத ஜப்பான் கிட்டாருக்கும் அந்த வழக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

வெள்ளைக்கார நேவி விட்டிட்டுப் போன கிட்டார்

இது எங்கட ஊருக்கே உரிய கதை. அந்தத் தம்பியும் இதத்தான் சொன்னான், டொக்யார்ட்டில வேலை செய்த அப்பப்பாக்கு வெள்ளைக்காரன் ஒருத்தன் போகேக்க குடுத்திட்டுப் போனதாம். பிரிட்டிஷ் நேவி திருமலைய விட்டுப் போனது 1957 ல. யமஹா எஃப்ஜி வரத் தொடங்கினதே 1966 ல. போன் டோர்ச்ச அடிச்சு ஓட்டைக்குள்ள பாத்தம், மங்கின லேபிள், நிப்பொன் கக்கி (யமஹாவின்ர பழைய கம்பனிப் பேர்), கீழ தாய்வான் எண்டு கிடக்கு. அவன் காட்டின 1,400 டொலர் விளம்பரமோ ஜப்பான் சிவப்பு லேபிள். அவன் பொய் சொல்லேல்ல, வீட்டில கேட்ட கதையத்தான் சொன்னான், ஆனா வாங்க வாறவன் அந்த லேபிளப் பாத்தவுடன உங்கட மற்றக் கதையளயும் நம்பமாட்டான்.

எலெக்ட்ரிக் எண்டா எப்ப செய்தது எண்டு அறிய வொலியூம் பொட்டின்ர (சத்தம் கூட்டிக் குறைக்கிற குமிழுக்குக் கீழ உள்ள பாகம்) முதுகப் பாருங்கோ. 1376632 எண்டு இருந்தா 137 எண்டது பொட்டச் செய்த சிடிஎஸ் கம்பனி, 66 எண்டது 1966, 32 எண்டது அந்த வருசத்தின்ர 32 ஆவது கிழமை. கிட்டார் அதுக்கு முதல் செய்ததா இருக்க ஏலாது, பொட்ட ஆரும் பிறகு மாத்தியிருந்தா மட்டும் கதை வேற.

புதுசா வார்னிஷ் அடிக்கிறது

அடிக்காதீங்கோ. பழைய ஃபெண்டருக்கு மேல் பூச்ச மாத்தினாலே விலை கிட்டத்தட்டப் பாதி.

கிவ்சன்

பேர் இப்பிடி இருந்தா அது கிப்சன் இல்ல. இந்தியாக் கிட்டார், வேற பேர்.

திருத்தச் செலவ கழிக்காம விலை போடுறது

நீட்டு ரூலர் ஒண்ட ஃப்ரெட்டுகளுக்கு மேல நேரா வச்சு பிரிட்ஜ் பக்கம் தள்ளுங்கோ. நுனி பிரிட்ஜின்ர மேல் விளிம்பத் தொடவேணும். அதுக்குக் கீழ இடிச்சா நெக் சரிஞ்சிருக்கு, கழட்டித் திருப்பி ஒட்டவேணும், அது கொழும்புக்குக் கொண்டுபோய் கை தெரிஞ்ச ஆளிட்டக் குடுக்கிற வேலை. பிரிட்ஜில கம்பிக்குக் கீழ இருக்கிற எலும்புத் துண்டத் தேய்ச்சுத் தேய்ச்சு கம்பிய இறக்கி, வெளியில தெரியாம விக்கிற ஆக்களும் இருக்கினம், எனக்கு அது பிடிக்காது, அப்பிடி வாங்கின பிள்ளை கிட்டாரையே வெறுத்திடும். ஹெட்ஸ்டொக் உடைஞ்சு ஒட்டினதும் அப்பிடித்தான், ஒட்டு எவ்வளவு வடிவா இருந்தாலும் சொல்லித்தான் விக்கவேணும், கிப்சனுக்கே பாதி விலை போகும்.

தம்பின்ர கிட்டாரில ரூலர் வச்சுப் பாத்தம், ஒரு 2 மில்லிமீட்டர் கீழ இடிச்சுது. அவன்ர மொடல் தாய்வான்ல செய்தது, வித்ததில 300 டொலரத் தாண்டி ஒண்டும் போகேல்ல, நாங்கள் பாத்த அளவில. அது 90,000, திருத்தச் செலவ கழிச்சா 70,000 மட்டில. அவன் கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. சித்தப்பா 4 லட்சத்த நம்பி மோட்டர்சைக்கிளுக்குச் சொல்லி வச்சிட்டாராம், அதால நானும் கூடப் போய் அவருக்கும் ரூலர வச்சுக் காட்டினன். சனிக்கிழமை 75,000 எண்டு திருப்பிப் போட்டான், நெக் சரிவு, லேபிள் எல்லாத்தையும் படத்தோட எழுதி. செவ்வாக்கிழமை உவர்மலையில இருந்து ஒரு அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு வந்தவ, பிள்ளை ரெண்டு பாட்டு வாசிச்சுது, 68,000 க்குப் போச்சு.