பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் பாடம்: கிரெடிட் பற்றி வாக்குக் கொடுக்காதீர்கள்

போன மாதம் காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் போன் செய்தார். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் ஒரு கல்லூரிக்குப் போய் முதலாண்டுக் கணினிப் பாடம் ஒன்றைப் படிக்க ஏற்பாடாம். "இந்தப் பேப்பரை அப்புறம் காலேஜில் எழுத வேண்டாம்னு பெற்றோர்கிட்ட சொல்லிட்டேன் சார்" என்றார். எட்டு வருஷத்துக்கு முன் இதே போன்ற ஏற்பாட்டில் நான் சொன்ன அதே வார்த்தை. மனசு பதறிவிட்டது. ஒப்பந்தம், முத்திரை, வருகைப் பதிவு எல்லாம் எல்லோரும் ஒழுங்காகவே செய்கிறார்கள், அவற்றை விடுகிறேன். தவறிப்போகும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கிரெடிட் கிடைக்கும் என்று சொல்வது

முடித்த பாடத்தைப் பட்டப்படிப்பின் கணக்கில் சேர்க்கும் அலகுதான் கிரெடிட். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் கம்யூனிட்டி காலேஜ் என்னும் இரண்டாண்டுக் கல்லூரியில் பாடம் முடித்தால், பின்னால் பட்டப்படிப்பில் அதைச் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் நானும் ஆசைப்பட்டேன். இங்கே பிளஸ் டூ அல்லது அதற்கு இணையான படிப்பு தேறாதவரைப் பட்டப்படிப்பில் சேர்க்கவே முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களின் கலைக் கல்லூரிகளும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. முதல்வர் எவ்வளவு நல்லவரானாலும் அவர் கையெழுத்து மட்டும் கிரெடிட் ஆகாது. பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே வைத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரி என்றாலும் அதன் கல்விக்குழு ஒப்ப வேண்டும். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை, மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் படித்துக் கிரெடிட் மாற்றலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2021இல் விதி கொண்டுவந்ததைச் சிலர் காட்டுவார்கள். அது ஏற்கெனவே பட்டப்படிப்பில் இருப்பவர்களுக்கு.

எங்கள் முதல் அணியில் ஒரு பெண். முப்பது சனிக்கிழமை, ஒரு நாள்கூடத் தவறவில்லை. பிளஸ் டூ முடித்து வேறு கல்லூரியில் சேர்ந்து சான்றிதழை நீட்டியபோது அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதே பேப்பரை மறுபடி எழுதினாள். அவள் அப்பா மாந்தோப்பில் கூலி வேலை செய்பவர். என் வீட்டுக்கே வந்து, "அந்த முப்பது நாளும் தோப்புக்கு வந்திருந்தா முப்பது நாள் கூலி சார்" என்றார். எனக்குப் பதில் இல்லை. அந்தப் பேப்பரில் அவள் நல்ல மதிப்பெண் எடுத்தாள் என்பதால் என் தவறு சிறிதாகிவிடாது.

"சான்றிதழ் உண்டு, கிரெடிட் கிடையாது" என்று ஒப்பந்தத்தில் தமிழிலேயே எழுதுங்கள். பெற்றோர் கூட்டத்தில் வாய்விட்டு வாசியுங்கள். அதன் பிறகும் வருகிற பிள்ளைகள் பாடத்துக்காகவே வருவார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்குவது

வேண்டாம். அரையாண்டு, செய்முறை, பொதுத்தேர்வு என்று அந்த வருஷம் போய்விடும். பதினோராம் வகுப்புக்கு 2025-26 முதல் பொதுத்தேர்வு இல்லை; அந்த ஒரு வருஷம்தான் இடம் தருகிறது.

பஸ்

கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு வகுப்பு நேரம் போடுங்கள்.

ஆங்கிலத்தில் நடத்திவிட்டுப் போவது

பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் இரண்டு வாரம் தலையாட்டும், மூன்றாவது வாரம் வராது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகளும் உண்டு. நடத்தப்போகும் விரிவுரையாளரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள்.

ஒரே ஆளை நம்புவது

இடமாறுதல் கலந்தாய்வு முடிந்ததும் ஆள் இருக்கமாட்டார். பள்ளி, கல்லூரி இரு பக்கமும் இரண்டு பேர் வேண்டும்.

போன் செய்த ஆசிரியர் வரும் வெள்ளிக்கிழமை பெற்றோரை மறுபடி கூட்டுகிறார். நானும் போகிறேன்.