மனத்தில் சுண்டிய நாணயம்: தற்செயலை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சென்ற பேருந்தில், மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் மனத்துக்குள் நாணயத்தைச் சுண்டி, ‘பூ’ அல்லது ‘தலை’ என்று எழுதும்படி என் புள்ளியியல் மாணவர்களிடம் சொன்னேன். ஒரு மாணவியின் தாளில் முதல் பத்து இவை: பூ, தலை, பூ, பூ, தலை, தலை, பூ, தலை, பூ, தலை.

பூ 5, தலை 5. ஆகவே இது தற்செயலான வரிசைதான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் முடிவுகட்டினார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பூவும் தலையும் மாறி மாறியே வரும் வரிசையிலும் எண்ணிக்கை சரிபாதிதான். அதைக்கொண்டு கணக்கிடும் ஷானன் என்ட்ரோபியும் (நிச்சயமின்மையின் அளவு; பிட் அதன் அலகு) உச்ச அளவான 1 பிட்டையே காட்டும். ஆனால் அடுத்து என்ன வரும் என்பதைச் சிறுபிள்ளைகூடச் சொல்லிவிடும். எனவே அடுத்தடுத்த இணைகளை எண்ண வேண்டும். அந்த மாணவி 9 இடங்களில் 7 முறை பக்கத்தை மாற்றியிருந்தார்; ஒரே பக்கம் மூன்று முறை தொடரவே இல்லை. உண்மையான நாணயத்தை 100 முறை சுண்டினால், ஒரே பக்கம் ஐந்து முறையாவது தொடர்ந்து விழுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 97 விழுக்காடு.

அதற்காக அவரை உடனே குறைகூறுவதும் தவறு. 20 முறை மட்டும் எழுதச் சொல்லி இந்தத் தவறுக்கு வழிவகுத்தவன் நானே. 20 எழுத்துகளில் பக்கம் மாறக்கூடிய இடங்கள் 19; உண்மையான நாணயத்தில் சராசரியாக 9.5 மாற்றங்கள், திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) ஏறத்தாழ 2.2. நூற்றுக்கு 60 முறை மாற்றும் பழக்கமுள்ளவருக்கும் 11.4 மாற்றங்களே எதிர்பார்க்கலாம் என்பதால், அவரை நாணயத்திலிருந்து பிரித்தறிய முடியாது. 100 எழுத்துகளில் அதே பழக்கம் இரண்டு திட்ட விலக்கம் தள்ளி நிற்கும். பகடை போல 1 முதல் 6 வரை எழுதச் சொன்னால் நிலைமை இன்னும் மோசம்: 60 எண்களில், அடுத்தடுத்த மூன்று எண்கள் சேர்ந்த மும்மைகள் 58 மட்டுமே கிடைக்கும், அவற்றின் என்ட்ரோபி 5.86 பிட்டைத் தாண்டாது, உண்மையில் இருக்க வேண்டியதோ 7.75 பிட். பகடையையே உருட்டி எழுதினாலும் அது குறையுள்ளதாகத்தான் தோன்றும்.

எல்லோருடைய தாள்களையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்கிட்டால், ஒருவருக்குப் பூவிலும் மற்றவருக்குத் தலையிலும் உள்ள சாய்வு ஒன்றையொன்று மறைத்துவிடும். குற்றமற்ற வரிசையையும் நூற்றில் ஐந்து முறை தவறாக நிராகரிக்கும் 5 விழுக்காட்டு அளவுகோலில், ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை நடத்தினால், குற்றமற்ற வரிசையும் ஒன்றிலாவது தோற்பதற்கு 64 விழுக்காடு வாய்ப்புண்டு. எழுதும் வேகமும் முடிவை மாற்றும்: அவசரப்படுத்தினால் தற்செயல்தன்மை குறைவதை 1966-லேயே உளவியலாளர் ஆலன் பேட்லி காட்டினார், வளைவுகளோ சீரான இடைவெளியில் வருவதில்லை.

இப்போதெல்லாம் வகுப்பறையில் ஒரே சீரான தாளத்துக்கு ஆளுக்கு 200 எழுத்துகள் எழுதச் சொல்கிறேன். கூடவே ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தை 200 முறை சுண்டி அதையும் எழுத, இரண்டு தாள்களையும் ஒரே கணக்கால் அளக்கிறோம்.