வைஃபை அறுந்தறுந்து வருகிறதா? முதலில் ஊசியைக் கீழே வையுங்கள்

சென்ற மாதம் அக்கா வீட்டுக்குப் போனபோது, அவருடைய மகன் ஒரு கையில் ரவுட்டரையும் மறு கையில் சேஃப்டி பின்னையும் வைத்துக்கொண்டு, பின்புறத்தில் ‘ரீசெட்’ என்று எழுதியிருக்கும் சிறு துளையைத் தேடிக்கொண்டிருந்தான். “பொறுடா, குத்திவிடாதே” என்று நான் வாசலிலிருந்தே கத்தியது அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. அதே துளையில் ஒருமுறை குத்திவிட்டுத் திண்டாடிய எனக்கு அப்படி இல்லை. கேபிள் கழன்றிருக்கிறதா, கட்டணம் கட்டியாயிற்றா என்பவற்றை நீங்களே பார்த்திருப்பீர்கள் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தடயத்தை அழித்துவிட்டுக் காரணத்தைத் தேடுவது

ரீஸ்டார்ட் என்பது ரவுட்டரை அணைத்து எழுப்புவது. ரீசெட் என்பது, அதில் யார் என்ன பதிந்து வைத்திருந்தாலும் துடைத்தெறிந்து, பெட்டியிலிருந்து எடுத்த நாளின் நிலைக்கே கொண்டுபோவது. இவ்விரண்டையும் ஒன்றென்று நினைத்த நாளில், அரை மணிக்கொருமுறை இணைப்பு போய்ப்போய் வந்த எரிச்சலில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு அந்தத் துளையைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தேன். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் போனது பெரிதில்லை, ஏனெனில் தொடக்கநிலைப் பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளிலேயே இருந்தன. ஆனால், இணைப்பு கொடுக்க வந்தவர் முதல் நாளில் தட்டிவிட்டுப் போன பிபிபிஓஇ பயனர்பெயர் (நிறுவனத்தின் இணைப்புக்குள் ரவுட்டர் நுழையப் பயன்படுவது), அதன் கடவுச்சொல், விலான் எண் (நிறுவனத்தின் கம்பியில் நம் இணைப்புக்கான தட எண்) ஆகிய மூன்றையும் நான் எங்குமே குறித்து வைத்திருக்கவில்லை. திங்கட்கிழமை மதியம்தான் அவை மீண்டும் கிடைத்தன. எல்லாவற்றையும் உள்ளிட்டு முடித்த இருபதாவது நிமிடத்தில் இணைப்பு மறுபடியும் போயிற்று.

கோளாறு அமைப்புகளில் இல்லவே இல்லை, அடாப்டரில் இருந்தது. போன இரண்டரை நாளைவிட எனக்கு இன்றும் ஆறாதது, குத்துவதற்கு முன்பே ரவுட்டர் அதைச் சொல்லியிருந்தது என்பதுதான். அதன் பதிவேடு 1970 ஜனவரி 1 என்று தொடங்கியதைப் பார்த்து, கடிகாரம் கெட்டுவிட்டது போலும் என்று சிரித்துவிட்டுக் கடந்திருந்தேன். பல வீட்டு ரவுட்டர்களில் நேரத்தைக் காத்து வைக்கும் பேட்டரி கிடையாது. அவை எழுந்தவுடன் அத்தகைய ஆதித் தேதியிலிருந்து எண்ணத் தொடங்கி, இணையம் கிடைத்த பிறகே சரியான நேரத்தைப் பெறுகின்றன. அரை மணிக்கொருமுறை புதிதாக 1970 தோன்றினால், ரவுட்டரே அணைந்து எழுகிறது என்று பொருள்.

ஆகவே எதையும் அணைப்பதற்கு முன், உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற முகவரிக்குச் சென்று (ரவுட்டரின் அடியில் சரியான முகவரி இருக்கும்) இரண்டு நேரங்களைப் பாருங்கள்: ரவுட்டர் எவ்வளவு நேரமாக இயங்குகிறது, வெளி இணைப்பு எவ்வளவு நேரமாக அறுபடாமல் இருக்கிறது. முதலாவதே குறைவாக இருந்தால் மின்சாரம், அடாப்டர், சூடு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். முதலாவது பல நாட்களாகவும் இரண்டாவது சில நிமிடங்களாகவும் இருந்தால் கோளாறு பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் கம்பியிலோ நிறுவனத்தின் பக்கத்திலோ இருக்கிறது. இரண்டுமே நீண்டிருக்க, கைபேசி மட்டும் தவித்தால் அது வைஃபை சிக்கல்.

அக்கா மகனின் ரவுட்டரில் முதலாவது 41 நாள், இரண்டாவது 12 நிமிடம். அதே பக்கத்தில் உள்வரும் ஒளியின் திறன் −28.4 டிபிஎம் என்றிருந்தது (இது திறனின் அலகு; மைனஸில் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி மங்கல்). பரவலாக உள்ள ஜிபான் (ஒளியிழை இணைய) கருவிகள் ஏறக்குறைய −27 வரைதான் ஒழுங்காகத் தாங்கும். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு நெருக்கித் தள்ளிய பீரோவுக்குப் பின்னால், ஒளியிழைக் கம்பி மடிந்து நசுங்கிக் கிடந்தது. பீரோவை ஒரு சாண் நகர்த்தியதும் எண் −21க்கு வந்தது.

ரீசெட் செய்தே தீர வேண்டிய நாளும் வரலாம். அப்போது அமைப்புப் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் அங்கே புள்ளிகளாகத்தான் தெரியும் என்பதால் அதை நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். பிறகு பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையுமே மீண்டும் வைத்தால், வீட்டிலுள்ள கருவிகள் பெரும்பாலும் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

வைஃபையும் இணையமும் ஒன்றென நினைப்பது

கணினியில் இரண்டு சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் மற்றொன்றில் 8.8.8.8 என்ற கூகுளின் முகவரிக்கும் பிங் கட்டளையை (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்ப்பது) இடைவிடாது ஓடவிடுங்கள். இரண்டிலும் பதில் சேர்ந்து நின்றால் கோளாறு வைஃபை அல்லது ரவுட்டரில்; இரண்டாவதில் மட்டும் நின்றால் வெளி இணைப்பில். இரண்டும் ஓடிக்கொண்டிருக்கத் தளங்கள் மட்டும் திறக்கவில்லையென்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) பக்கம் பாருங்கள்.

முனை பொருந்துகிறது என்று ஏதோ ஓர் அடாப்டரைச் செருகுவது

12 வோல்ட், 2 ஆம்பியர் கேட்கும் ரவுட்டர் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரில் காலையில் சமர்த்தாக எரியும். மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் படம் பார்க்கத் தொடங்கியதும் மடங்கிவிடும். வோல்ட் அதேயாகவும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ, முனையின் துருவம் பொருந்தியும் இருக்க வேண்டும்.

காலியாகத் தெரிகிறதென்று 3ஆம் சேனலுக்குப் போவது

சேனல் என்பது வைஃபை அலை ஓடும் தடம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் என்று வழக்கமாகப் பயன்படுபவை 1, 6, 11 மட்டுமே. 3இல் அமர்ந்தால் 1இன் இரைச்சலும் 6இன் இரைச்சலும் சேர்ந்து கிடைக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் திடீரென மறைந்து, ஒரு நிமிடம் கழித்துத் திரும்பினால் சேனல் எண் 52க்கும் 144க்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ரேடார் அலை தென்பட்டால் ரவுட்டர் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். 36இல் அந்தத் தொல்லை இல்லை.

பழைய ரவுட்டரை அப்படியே இரண்டாவதாக மாட்டுவது

அதன் டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலையை) நிறுத்தி, முதல் ரவுட்டருடன் மோதாதபடி அதன் முகவரியையும் மாற்றிவிட்டு மாட்டுங்கள்.

மூடிய அலமாரிக்குள் ரவுட்டரை வைப்பது

வேண்டாம்.