அப்பத்தாவை வழியனுப்பும் நாளில் நாம் செய்யும் தவறுகள்

என் அப்பத்தா இறந்த அன்று நான் செய்த முதல் காரியம் பந்தல்காரருக்கு ஃபோன் போட்டது. அடுத்து ஐஸ் பெட்டிக்குச் சொன்னேன். அப்புறம் நாற்காலி, தண்ணீர் கேன், டீ, வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்வது என்று மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவரும் நீர்மாலைக்குக் கிளம்பும்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து ஒரு நிமிடம்கூட அவள் பக்கத்தில் நான் உட்காரவில்லை.

எங்கள் சிவகங்கைப் பக்கம் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும், சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. அதனால் பேத்திக்கு வீடுதான் விடைபெறும் இடம். அந்த நேரத்தைத்தான் நான் தொலைத்தேன். உங்களுக்கும் அப்படி நடந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அலைச்சல் வேலைகளை நெருங்கிய பேரப்பிள்ளைகளிடம் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. "நீதான் விவரமான பிள்ளை, நீ பாத்துக்க" என்று சொல்லிவிடுவார்கள். நாமும் அழாமல் இருக்க ஒரு வேலை கிடைத்தது என்று ஓடுவோம். கேதம் விழுந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டோம், பக்கத்து வீட்டிலிருந்துதான் சாப்பாடு வரும். மற்ற வேலைகளையும் அதே போலப் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் உங்கள் நண்பர்களிடமும் கொடுங்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள். பணத்தை ஒருவரிடம் கொடுத்து, கணக்கை நோட்டில் எழுதச் சொன்னால் போதும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு வேலையை மட்டும் முதல் மணி நேரத்திலேயே முடிவு செய்ய வேண்டும். அது கண் தானம். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும். "அதுக்கு வயசாயிருச்சு, கண்ணு ஆபரேசன் வேற பண்ணிருக்கு, எடுக்க மாட்டாங்க" என்று நாமே தள்ளிவிடுகிறோம். அது சரியில்லை. வயதோ, கண்ணாடி போட்டதோ, கண்புரை அறுவைசிகிச்சை செய்ததோ, சர்க்கரை நோயோ தடை இல்லை. வெறிநாய்க்கடி நோய், எச்.ஐ.வி. போன்ற சில தொற்றுகள் இருந்தவர்களிடம்தான் எடுக்க மாட்டார்கள். அருகில் உள்ள கண் வங்கியைக் கூப்பிட்டுவிட்டு, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். தலைக்குக் கீழே தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள். மேலே ஓடும் மின்விசிறியை நிறுத்துங்கள். அவர்கள் வீட்டுக்கே வந்து அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள், முகம் விகாரமாகாது. எங்கள் வீட்டில் இதைப் பேசத் தொடங்கியபோதே ஐந்து மணி நேரம் போயிருந்தது. கிராமத்துக்கு வண்டி வந்து சேர நேரம் போதவில்லை. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

ஐஸ் பெட்டியைப் பற்றி ஒன்று. பெட்டி வந்ததும் பேரப்பிள்ளைகள் அதன் மேல் சாய்ந்து அழுவார்கள். பூமாலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும், தரை ஈரமாகும். மின்கசிவு இருந்தால் அங்கே இன்னொரு உயிர் போய்விடும். நிலத்தொடர்பு (எர்த்) உள்ள மூன்று துளை இணைப்பில்தான் பெட்டியை மாட்டச் சொல்லுங்கள். வெறும் வயரைத் துளையில் செருக விடாதீர்கள்.

அந்தக் கண்ணாடி மூடி போட்டதும் தொட முடியாமல் போகிறது. பக்கத்து ஊரிலேயே எல்லோரும் இருக்கிறார்கள், அன்றைக்கே எடுத்துவிடுவோம் என்றால் பெட்டி தேவையே இல்லை. பெஞ்சில் படுக்க வைத்துச் சுற்றி உட்காரலாம். இப்போது மரியாதைக்காகவே பெட்டி வைக்கிற பழக்கம் வந்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

குளிப்பாட்டும் நேரத்தில் பேத்திகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வதும் தவறுதான். பயமாக இருக்கும், தெரியும். எனக்கும் கை நடுங்கியது. நெருங்கிய சொந்தங்கள் ஒவ்வொருவராக எண்ணெயும் சீயக்காயும் தொட்டு வைப்பார்கள் அல்லவா, அப்போது போய் நில்லுங்கள். நான் எண்ணெய் வைத்துவிட்டு அவள் வலது கையைப் பிடித்தேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவித் தடவி ஆள்காட்டி விரலின் நுனி வெளுத்து, வெடித்து இருக்கும். அந்த விரலைத்தான் சின்ன வயதில் பிடித்துக்கொண்டு கண்மாய்க்கரையில் நடந்தேன். குளிப்பாட்டின பிறகும் சுண்ணாம்பு முழுதாகப் போகவில்லை. அந்த இரண்டு நிமிடம்தான் எனக்குக் கிடைத்த விடைபெறல்.

அழுகிறவர்களிடம் என்ன சொல்வது என்பதிலும் தவறுகிறோம். "கல்யாணச் சாவும்மா, இதுக்குப் போயி அழுவாங்களா" என்று எத்தனை பேர் சொன்னார்கள்! எண்பத்தேழு வயதில், படுக்கையில் கிடக்காமல் போனாள், உண்மைதான். ஊருக்கு அது கல்யாணச் சாவு. தினம் ராத்திரி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கின பிள்ளைக்கு வயதுக் கணக்கு ஆறுதல் தராது. ஒன்றும் தோன்றவில்லை என்றால் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். இல்லை, அப்பத்தாவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு சங்கதி சொல்லுங்கள். ஒரு வயதான அம்மா என்னிடம் வந்து, பஞ்ச காலத்தில் அப்பத்தா அவர்கள் வீட்டுக்குக் கேப்பை மாவு கொடுத்துவிட்டதைச் சொன்னார். நான் அதுவரை கேள்விப்படாத கதை.

அதே காரணத்துக்காகத்தான், ஒப்பாரி வைக்கும் பெரியம்மாக்களை "போதும், நிறுத்துங்க" என்று அடக்காதீர்கள். ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு அவர்கள் குரலை அமுக்கவும் வேண்டாம். அவர்கள் அழும் வரிகளில் அப்பத்தா நட்ட புளியமரமும் இருக்கும், சாகக் கொடுத்த பிள்ளையும் இருக்கும். அவளுடைய வாழ்க்கையை அவ்வளவு தெரிந்து பாடக்கூடியவர்கள் ஊருக்கு நாலு பேர்தான் மிச்சம்.

குழந்தைகளைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிவிட்டு, கேட்டால் "பாட்டி தூங்குறாங்க" என்று சொல்கிறோம். அந்தப் பிள்ளை அப்புறம் தூங்கவே பயப்படும். இறந்துவிட்டார்கள், இனிமேல் பேச மாட்டார்கள், வலியும் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். பார்க்க விரும்பினால் மடியில் வைத்துக் காட்டுங்கள், விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். நெய்ப்பந்தம் பிடிக்கச் சின்னப் பிள்ளைகளை நிறுத்தும்போது பெரியவர் ஒருவர் கையோடு கை வைத்துப் பிடிக்க வேண்டும். கூட்டத்தில் தள்ளினால் தீ முன்னால் நிற்பவர் சேலையில் பட்டுவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் பேரனுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருந்து சாவு தெரிய வரக் கூடாது. முதலில் ஃபோன், அதன் பிறகுதான் படம். அவன் வருகிறானா, எத்தனை மணிக்கு விமானம் என்று கேட்டு, எடுக்கும் நேரத்தை ஒரே முறை முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லுங்கள். வர முடியாது என்றால் வீடியோ காலில் கூட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்காமல், ஃபோனை அப்பத்தா முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டுச் சுற்றி இருப்பவர்களைச் சற்று விலகச் சொல்லுங்கள். துபாயில் இருந்த என் தம்பி அப்படித்தான் பேசினான். என்ன பேசினான் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

அடுத்தது காதில் கிடக்கும் தண்டட்டி. கழற்றுகிற நேரத்திலேயே யாருக்கு என்ற பேச்சு வந்துவிடும். கழற்றியதை நாலு பேர் முன்னால் ஒரு துணியில் முடிந்து, மூத்தவர் ஒருவரிடம் கொடுங்கள். பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை பிரிக்க வேண்டாம். இதைவிடக் கொடுமை, இறந்த பிறகு விரலில் மை தடவிக் கைநாட்டு வாங்குவது. அது போலி ஆவணம், குற்றம். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. அது தெரியாமல் தனியார் வண்டிக்குக் கேட்ட காசைக் கொடுப்பவர்கள் நிறைய. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. கிராமத்தில் வி.ஏ.ஓ., நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சி. ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் வரை நடக்க வேண்டியிருக்கும். வீட்டில் இறந்தவர் என்றால், வழக்கமாகப் பார்த்த டாக்டரிடம் அன்றே காரணச் சான்று வாங்கி வையுங்கள். பெயரை ஆதாரில் உள்ளபடி எழுதிக் கொடுங்கள். ஊரில் கூப்பிடுகிற பெயரைக் கொடுத்துவிட்டால் வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது அலைய வைக்கும். முதியோர் ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தால் அதையும் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

கேத வீட்டிலிருந்து கிளம்பும்போது "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது என்பது வழக்கம். வந்தவர்கள் அதைக் கடைப்பிடிக்கட்டும். விடுமுறை முடிந்து ஒவ்வொரு முறையும் அப்பத்தாவிடம் அதைச் சொல்லியே பஸ் ஏறினவள் நான். எடுக்கும் முன் குனிந்து அவள் காதில் அதையேதான் சொன்னேன். ஒரு சித்தி என் தோளைத் தட்டினார். நான் திருத்திக்கொள்ளவில்லை.

கடைசியாக, துணிமணிகள். மூன்றாம் நாளே எல்லாவற்றையும் மூட்டை கட்டி வெளியே போட்டுவிடுவார்கள். கட்டும் முன் பேரப்பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எனக்குத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன ஒரு சுங்குடிச் சேலை கிடைத்தது, ஓரத்தில் வெற்றிலைக் கறையோடு. தம்பிக்குப் பிள்ளை பிறந்ததும் அதில்தான் தொட்டில் கட்டினோம்.