குப்பத்துத் தெருவில் இலவச இசை விழா நடத்துவது எப்படி?

சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-ல் தொடங்கிய விழா, கர்நாடகக் கச்சேரியையும் பறையாட்டத்தையும் டிக்கெட் இல்லாமல் மீனவர் தெருவுக்கே கொண்டுவந்தது. அப்படியொன்றை உங்கள் ஊரில் நடத்த நினைத்தால், கலைஞர்களிடம் தேதி கேட்பதற்கு முன் ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து பேசுங்கள். கோயில் கொடை, துக்க வீடு, படகு ஏற்றும் வழி, வலை காயும் இடம் எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் மனதார ஒத்துக்கொள்ளாவிட்டால் விழாவே வேண்டாம்.

ஒலிபெருக்கிக்குக் காவல் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. இரவு 10 முதல் காலை 6 வரை தடை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். மாலை 5.30-க்கு ஆரம்பித்து 9-க்குள் முடிப்பது நல்லது.

மேடையைக் கடலுக்கு முதுகு காட்டி வைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. வைக்காதீர்கள். கலைஞர் மீது விழும் விளக்கு நேராகக் கடலைப் பார்க்கும். ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட வரும் பங்குனி ஆமைகளை அந்த வெளிச்சம் குழப்பும். தெருவின் வடக்கு அல்லது தெற்கு முனையில், மேடையின் முகம் கடலையும் பார்க்காமல், கடலுக்கு முதுகும் காட்டாமல் கரையோரமாகவே நீளும் தெருவைப் பார்க்கும்படி போடுங்கள். பின்னால் ஃப்ளெக்ஸ் கட்டினால் காற்றில் பாய் போலப் புடைத்துச் சாரத்தையே சாய்த்துவிடும். பழைய மீன்வலையில் துணிப்பட்டைகளைக் கோத்துக் கட்டினால் காற்று ஊடே போய்விடும்.

கடற்காற்று மைக்கில் மோதினால் 'படபட'வென்று உறுமும். எல்லா மைக்குக்கும் பஞ்சு உறை போடுங்கள். பாட்டு, வயலின் சேனல்களில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழான தாழ்ந்த ஒலியை மிக்ஸரில் வெட்டுங்கள்; மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) மைக்கில் மட்டும் வெட்டாதீர்கள், அங்கே எழும் கும்கி என்ற ஆழ்ந்த நாதம் செத்துவிடும். ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும் என்பதால் மிருதங்கம் கடைசி நிமிடம் வரை உறையிலேயே இருக்கட்டும். பறை காய்ச்ச, காற்று மறைவில் நெருப்பும் பக்கத்தில் ஒரு வாளி மணலும் வேண்டும். பறைக்கு மேடையும் மைக்கும் தேவையே இல்லை: கச்சேரிக்கு மைக் மாற்றும் 15 நிமிடமும் கூட்டத்தின் நடுவே அடிக்கவிடுங்கள், ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள்.

தெரு நீளமாக இருந்தால் முன் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டாதீர்கள். முன்வரிசைக் குழந்தைகளின் காது வலிக்கும். 35 மீட்டர் தள்ளி இரண்டாவது ஜோடி வைத்து, அதற்கு 100 மில்லி விநாடி தாமதம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும்.

காய்ந்த மணலில் எர்த் பிடிக்காது. ஈர மணல் தட்டும்வரை கம்பியை இறக்கி உப்புத்தண்ணீர் ஊற்றுங்கள். மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (RCCB) இல்லாமல் இணைப்பே கொடுக்காதீர்கள். கேபிள் இணைப்புகள் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். ஜெனரேட்டர், புகை கூட்டத்தின் பக்கம் வராதபடி காற்று போகும் திசையில், பக்கத்துச் சந்தில்.

500 பேருக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் 25. விஐபி நாற்காலி வேண்டாம், எல்லோருக்கும் ஜமுக்காளம். ஓரத்தில் ஆம்புலன்ஸ் போக 3.5 மீட்டர் வழி விடுங்கள். தின்பண்டக் கடைகள் குப்பத்துப் பெண்களுக்கே.

பந்தல் பிரித்ததும் அன்றிரவே கயிற்றில் காந்தம் கட்டி மணலில் இழுத்து, ஆணியையும் கட்டுக்கம்பியையும் எடுத்துவிடுங்கள். விடியுமுன் வெறுங்காலோடு படகு தள்ள ஆட்கள் வருவார்கள்.